குடியிருப்புச் சங்கங்களுக்குப் பரிசு

பெருநகர்களில் செவ்வனே நடைபெறும் குடியிருப்புச் சங்கங்களைத் தெரிந்தெடுத்து, அவற்றுக்குக் கேடயமும் நற்சான்றும் வழங்கும் வழக்கம் இந் நாளில் பரவி வருகின்றது. மத்திய அரசாங்கத்தார் 2016ஆம் ஆண்டில் 73 நகரங்களைக் கொண்டு தொடங்கிய தூய்மைக் கணக்கெடுப்பு இவ் வழக்கத்துக்குப் பேரூக்கம் தந்தது. முதலில் நகரங்களைத் தம்முள் போட்டியிடச் செய்த அக் கணக்கெடுப்பு, பின்னர் ஒவ்வொரு நகரமும் தன் எல்லைக்குள் அமைந்த பள்ளி, மருத்துவமனை, உணவு விடுதி, அங்காடி, குடியிருப்போர் சங்கம் ஆகியவற்றையும் தூய்மை பற்றித் தரம் பிரிக்குமாறு பணித்தது. அதனால், அடுக்கு மாடிகளில் வாழ்வோரும் தம் மாடிப்படியையும் குப்பைத் தொட்டியையும் நடுவர் கண்கொண்டு நோக்கும் நிலைமை வந்தது.

இதனைப் பற்றி மரக்காணத்து உப்பளக் கரையில் பிறந்த எமக்கு என்ன பேச்சு என்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். சென்னைக்கும் எம் ஊருக்கும் இடையே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தூரம் உண்டு. அங்கே மாடிமேல் மாடி. இங்கே பாத்தியை அடுத்துப் பாத்தி. எனினும் இவ் விரண்டையும் இணைக்கும் வழி ஒன்று உளது. தை, மாசியில் தொடங்கும் உப்பு வேலை, வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் நின்றுவிடும். உவர்நீர் தேக்கிய பாத்திகள் மழைநீரால் நிரம்பிய பின்னர் அங்கே வாருதற்கு உப்பு ஏது? 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் கரை கடந்தபோது இவ் வளங்கள் வெள்ளக்காடாய்க் கிடந்ததை யாவரும் அறிவர். வேலையற்ற அத் திங்கள்களில் நகரத்துக்குச் சென்று, கட்டட வேலையோ காவல் வேலையோ துப்புரவு வேலையோ பார்ப்போரும் உளர். ஆதலின் நகரத்து நன்மனைகளை எம்மவர் அறியாதவர் அல்லர். ஆயின் அவர் அறிந்தது வாயிற்புறத்திலிருந்து. அவ் வாயிற்புறத்தில் நின்று பார்ப்பவர்க்கு இப் பரிசுகள் எவ்வாறு தோன்றும் என்பதே ஈண்டு யாம் கூறப் புகுந்தது.

முதற்கண் ஒன்று சொல்லிவிடுவோம். பரிசே வேண்டா என்பது எம் கருத்தன்று. ஒரு கட்டடத்தில் நூறு குடும்பம் வாழ்வதாயின், ஏற்றப்பொறி இயங்க வேண்டும். நிலத்தடித் தொட்டி கழுவப்பட வேண்டும். மின் கட்டணம் தவறாது செலுத்தப்பட வேண்டும். இவற்றையெல்லாம் ஊதியமின்றிச் செய்யும் சங்கச் செயலாளர்க்குக் கிடைப்பது பெரும்பாலும் வசையே. தண்ணீர் வந்த நாளில் அவரை நினைப்பார் இலர். வராத நாளில் மறப்பார் இலர். அத்தகையோரை ஊரறியப் பாராட்டுதல் தகும்.

மேலும், இச் சங்கங்களின் குலம் சிறியதன்று. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து ராச்டேல் நகரில் நெசவாளர் முதலிய தொழிலாளர் கூடித் தொடங்கிய கூட்டுறவுப் பண்டசாலை, உறுப்பினர் ஒருவர்க்கு ஒரு வாக்கு என்னும் முறையை நிலைநாட்டியது. நம் நாட்டில் 1904ஆம் ஆண்டிலும் 1912ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட கூட்டுறவுச் சட்டங்கள் அம் முறைக்கு வழி திறந்தன. பெங்களூரில் 1909ஆம் ஆண்டிலும், பம்பாயின் காம்தேவிப் பகுதியில் 1915ஆம் ஆண்டிலும் கூட்டுறவு வீட்டுச் சங்கங்கள் எழுந்தன. பணம் மிகுந்தவர் குரலும் குறைந்தவர் குரலும் ஒரே நிறையாக எண்ணப்படும் இடம் உலகில் மிகச் சில. அவற்றுள் ஒன்றாய்த் தோன்றியது இச் சங்கம்.

எனின், நடுவர் எதனைப் பார்த்தல் வேண்டும்?

தமிழ் பயில்வோர்க்கு உமணரை நினைவூட்ட வேண்டுவதில்லை. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம் மரக்காணமே என்று கருதுவார் பலர். ஆதலின் உமணரைப் பற்றிப் பேசுங்கால் எமக்குச் சிறிது உரிமையும் பெருமையும் உண்டாதல் இயல்பே. உப்பு மூட்டையேற்றிய வண்டி மேடும் பள்ளமும் கடந்து செல்லுங்கால் யாது நேருமோ என்று எண்ணி, அவர் வண்டியின் அடியில் வேறோர் அச்சினையும் கட்டிச் சென்றனர் என்பதைப் புறநானூற்றில் ஔவையார் பாட்டால் அறிகின்றோம். சேம அச்சு என்பது அதன் பெயர். நன்கு நடைபெறும் சங்கத்துக்கு இலக்கணம் கூறுக என்று எம்மைக் கேட்பின், அதற்குச் சேம அச்சு உண்டா என்று முதலிற் பார்ப்போம். சேமநிதி என்று கணக்கேட்டில் ஒரு வரி எழுதப்பட்டிருத்தல் மட்டும் போதாது. ஏற்றப்பொறி பழுதுற்ற அன்று வீடுதோறும் சென்று பணம் தண்டாமல் அதனைச் செப்பனிட இயலுமா? பத்தாண்டு கழித்துத் தளம் ஒழுகினால் செலவுக்கு வழி உண்டா? பூந்தொட்டிகளை எண்ணும் நடுவர் இதனையும் எண்ணுவாராயின், பரிசளிப்பு விழாவில் சில பெயர்கள் மாறும்.

பரிசுகளின் குற்றம் அவை ஒரு நாள் தோற்றத்துக்கு மயங்குவதே. மாணவர் விடுதிகளில் அறைத் தூய்மைக்குப் பரிசு வைத்தால் என்ன நிகழும் என்பதை நம்முள் அறியாதார் இலர். பார்வையிடும் நாளில் கட்டிலின் மேல் உள்ளன யாவும் கட்டிலின் கீழ்ப் புகும். கீழ் உள்ளன பெட்டிக்குட் புகும். மறுநாட் காலையில் அனைத்தும் தத்தம் பழைய இடங்களுக்கு மீளும். இது விளையாட்டு. ஆயின் பெரியோர் உலகிலும் இஃதே நிகழ்ந்தது. திறந்த வெளியில் மலங்கழித்தலை ஒழித்த ஊராட்சிகளுக்கென்று 2003ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் நிர்மல் கிராம புரஸ்கார் என்னும் விருதை ஏற்படுத்திற்று. ஊராட்சிகள் பல விரைந்து கழிப்பிடம் கட்டின, விருதும் பெற்றன. பின்னர்ச் சென்று ஆராய்ந்தவர், விருது பெற்ற ஊர்கள் பலவற்றில் மக்கள் பழைய வழக்கத்துக்கே திரும்பியிருக்கக் கண்டனர். கட்டடம் நின்றது, வழக்கம் நிற்கவில்லை.

உப்பளத்தில் ஒருவன் திறமையைச் சித்திரை வெயிலில் அறிதல் அரிது. அப்போது எல்லார் பாத்தியிலும் உப்பு வெண்மையாகவே பூக்கும். வரப்பை ஒழுங்காகக் கட்டியவன் யார் என்பது மழையில் தெரியும். ஒருவன் வரப்பு உடைந்தால் அடுத்தவன் பாத்தியும் கெடும். குடியிருப்பும் அத்தகையதே. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. குழாய்கள் இன்றும் சுவரோரம் நிற்கின்றன. அவற்றின் அடியிலுள்ள குழி தூர்ந்துளதோ அன்றோ என்பதை வெயிற் காலத்தில் வரும் நடுவர் எங்ஙனம் அறிவார்? 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்துள் ஆழ்ந்ததும், 2019ஆம் ஆண்டுக் கோடையில் அந் நகரமே குடிநீர்க்கு அலமந்ததும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள்.

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரில் வேறொரு முறை உளது. அங்கே குடிகளுள் நால்வரில் மூவர்க்கு மேற்பட்டோர் அரசாங்க வீட்டு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்ககங்களில் வாழ்கின்றனர். அவ் வடுக்ககங்களைப் பேணும் நகர மன்றங்களைப் பற்றி 2010ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் அறிக்கை வெளியிட்டு வருகின்றது. தூய்மை, பராமரிப்பு, ஏற்றப்பொறியின் இயக்கம், நிலுவைக் கட்டணம், நிர்வாக ஒழுங்கு ஆகிய ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறக்குறி இடுவர். முதற்பரிசும் இல்லை, கேடயமும் இல்லை. எல்லாரும் பச்சை பெறுதலும் கூடும். ஒருவரை உயர்த்தப் பிறரைத் தாழ்த்த வேண்டுவதில்லை என்பதனால் இம் முறை எமக்கு உவப்பானது. அவை அரசியல் சார்பு உடைய மன்றங்கள் ஆதலின் அறிக்கை பற்றி ஆண்டுப் பூசலும் உண்டு. எனினும் முறை முறையே.

இனி, கூறுதற்குத் தயங்கும் செய்தி ஒன்றுக்கு வருவோம். செவ்வனே நடைபெறும் சங்கம் என்று பெயர் பெற்றது, தன்னுள் எவரை ஏற்கின்றது? ஆமதாபாத் நகரத்து ஜொராஸ்திரியக் கூட்டுறவு வீட்டுச் சங்கத்தில் பார்சிகளே உறுப்பினராகலாம் என்னும் உபவிதி செல்லுமா என்ற வழக்கில், செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2005ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. சிறு சமூகம் ஒன்று தன்னைக் காத்துக்கொள்ள விழைதலில் நியாயம் இல்லாமல் இல்லை. கூடும் உரிமை அரசியற் சட்டம் தந்த உரிமையே. ஆயினும் சட்டத்துக்குப் பொருந்துவது யாவும் பரிசுக்குத் தக்கதாகிவிடுமா? விதியில் எழுதாமலே, பெயரைக் கேட்டும் உணவைக் கேட்டும் வாடகைக்கு வந்தாரைத் திருப்பும் இல்லங்கள் உள்ளமை நகரத்தில் வீடு தேடியவர்க்குத் தெரியும். அங்கே குப்பை மக்கும் குப்பை, மக்காக் குப்பை எனத் திறம்படப் பிரிக்கப்படலாம். மனிதரையும் அவ்வாறே பிரிக்கும் சங்கத்துக்குக் கேடயம் கொடுத்தல் எமக்கு ஒவ்வவில்லை.

இதனை யாம் வெறும் நூலறிவு கொண்டு எழுதவில்லை. 2013 ஏப்ரல் 25 அன்று எம் மரக்காணத்தில் ஜாதிக் கலகம் மூண்டது, வீடுகள் எரிந்தன. அதே விழுப்புரம் மாவட்டத்து வானூர்ப் பகுதியில், கொழுவாரி என்னும் ஊரில், 2022 ஏப்ரலில் சமத்துவபுரம் ஒன்று திறக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டில் மதுரையை அடுத்த மேலக்கோட்டையில் தொடங்கிய அத் திட்டத்தின்படி, நூறு வீடுகளில் 40 ஆதிதிராவிடர்க்கும், 25 பிற்படுத்தப்பட்டோர்க்கும், 25 மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கும், 10 ஏனையோர்க்கும் ஒதுக்கப்படும். வீடுகள் ஜாதிவாரியாகத் தெருப் பிரியாமல் கலந்து நிற்கும். சிங்கப்பூரும் 1989ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் அடுக்ககத்திலும் சீனர், மலாயர், இந்தியர் முதலியோர் விகிதத்துக்கு எல்லை வகுத்துள்ளது. வீதம் வகுத்துவிட்டால் நேயம் தானே பிறந்துவிடும் என்று யாம் நம்புகின்றோம் அல்லேம். ஆனால், அண்டை வீட்டானாய் ஒருவனை அறிந்த பின்னர் அவன் கூரையில் தீயிடுதல் சற்று அரிதாகும் என்று நம்புகின்றோம். பெருநகரத்து நடுவர் சமத்துவபுரம் ஒன்றைப் போட்டியில் சேர்த்துக்கொண்டால் அதற்கு எத்தனை மதிப்பெண் இடுவர்? வண்ணப்பூச்சு மங்கியுள்ளதென்று குறைப்பரோ?

எஞ்சியது வாயிற்புறம். ஒரு பெரிய அடுக்ககத்தில் உறுப்பினர் அல்லாத பலர் நாள்தோறும் உழைக்கின்றனர்: காவலர், பெருக்குவோர், வீட்டுவேலை செய்வோர், தோட்டம் பேணுவோர், கழிவுத்தொட்டி வெறிதாக்க வருவோர். சங்கப் பொதுக்கூட்டத்தில் இவர்க்கு வாக்கு இல்லை. பாதுகாப்பின்றி மனிதரைக் கழிவுத்தொட்டியுள் இறக்குதல் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கப்பட்டது. அங்ஙனம் இறந்தார் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் ஈடு தருக என்று உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டில் பணித்தது. அது 2023ஆம் ஆண்டில் முப்பது லட்சமாக உயர்த்தப்பட்டது. ஈட்டுத்தொகையை உயர்த்த நேர்ந்தது என்றால், சாவு நிற்கவில்லை என்பது பொருள். எனவே நடுவர் கேட்க வேண்டிய கேள்விகள் மிக எளியன. கழிவுத்தொட்டி சென்ற முறை எவ்வாறு வெறிதாக்கப்பட்டது? பொறியாலா, ஆளாலா? காவலர்க்குக் கழிப்பிடம் உண்டா? வீட்டுவேலைக்கு வரும் அம்மையார் எல்லாரும் ஏறும் ஏற்றப்பொறியில் ஏறலாமா, அன்றிப் பின்புறப் படியையே நாட வேண்டுமா? திங்கள் ஊதியம் எந்த நாளில் தரப்படுகின்றது?

இவையெல்லாம் சமூகச் சீர்திருத்தம். போட்டியோ தூய்மை பற்றியது என்று மறுப்பாரும் இருப்பர். அவர்க்கு ஒரு விடை: தூய்மை தானே நிகழ்வதன்று. அதனைச் செய்பவர் கை ஒன்று உண்டு. அக் கையை நீக்கிவிட்டுத் தரையை மட்டும் அளந்து பரிசளித்தல், உப்பு வாரியவனை விட்டு உப்புக் குவியலுக்கு மாலை சூட்டியதை ஒக்கும். இன்னும் சிலர், இக் கேள்விகளுக்குச் சங்கத்தார் பொய்யுரைத்தால் யாது செய்வது என்பர். அதனாலன்றோ சங்கத்தாரைக் கேளாமல், உழைப்பவரைத் தனித்துக் கேட்க வேண்டும் என்கின்றோம். மதிப்பெண் நூறாயின் ஐம்பதை உறுப்பினர் அல்லாதார் கூறும் விடைக்கு ஒதுக்குக. கணக்கேட்டுக்கும் சேமநிதிக்கும் முப்பது. பூந்தொட்டி உட்பட ஏனைய யாவற்றுக்கும் இருபது. தோட்டக் கலையில் ஈடுபாடுள்ளோர் எம்மைப் பொறுத்தருள்க.

நடுவர் வரும் நாளை முன்னறிவிக்கவும் வேண்டா. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏதேனும் ஒரு நாள், குடையொன்றை எடுத்துக்கொண்டு வருவாராக. அந் நாளில் எம் ஊர் அளங்களில் வேலை இராது; அடுக்ககத்து வாயிலில் நிற்பவர் எம் ஊரினராகவே இருத்தலும் கூடும். அவர் நனையாமல் நிற்பதற்குக் கூரை உளதா என்று பார்த்துவிட்டு, பின்னர் உள்ளே செல்க.