எண் வருகிறது, காற்று வருகிறதா?

"சர்வர் ஓடுதா? ஸ்க்ரீன்ல நம்பர் வருதா? அப்போ கையெழுத்தைப் போடுங்க சார்."

காற்றாலையோ, அணைக்கட்டோ, மழைமானி நிலையமோ, எதுவானாலும் அளவுகளைப் பதிவு செய்யும் டேட்டாலாகரைக் கட்டுப்பாட்டு அறையின் ஸ்காடா என்ற கண்காணிப்பு மென்பொருளோடு இணைக்கும் வேலை பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. நிறுவ வந்தவருக்கு ராத்திரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வாங்கியவருக்கு மார்ச் மாதத்துக்குள் பில்லை முடிக்க வேண்டும். திரையில் எண் தெரிந்தால் தரவு வந்துவிட்டது என்ற நம்பிக்கை இருவருக்கும் வசதியாக இருப்பதால் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. இத்துறையில் உள்ள எல்லா மூடநம்பிக்கைகளிலும் அதிகச் செலவு வைப்பது இதுதான் என்பேன்.

தென்காசி அருகே உள்ள சுந்தரபாண்டியபுரத்தையே எடுத்துக்கொள்வோம். ஆடி மாதத்தில் வெளியூர்க்காரர்கள் இங்கே சூரியகாந்தி வயலில் நின்று படம் எடுத்துக்கொண்டு, 'அந்நியன்' படத்துக்காக முகங்கள் வரையப்பட்ட பாறையையும் பார்த்துவிட்டுக் குற்றாலத்துக்குக் கிளம்புகிறார்கள். படம் எடுக்கும்போது அவர்கள் துப்பட்டாவையும் தொப்பியையும் பறிக்கிற காற்று, மேற்கே செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்குவது. மே முதல் செப்டம்பர் வரை தென்காசி மாவட்டத்துக் காத்தாடிகளுக்கு அதுதான் சீசன். இந்தக் காற்றை நம்பிப் பணம் போடுகிறவர்கள் அதை அளக்காமல் இருக்க முடியாது. உயரமான கம்பத்தில் கிண்ண அனிமாமீட்டர், திசைகாட்டி, அடியில் பூட்டிய பெட்டிக்குள் லாகர், ஒரு சோலார் பலகை, ஒரு சிம் கார்டு. அவ்வளவுதான் நிலையம். காற்றாலைத் துறையின் உலக வழக்கப்படி லாகர் பத்து நிமிடச் சராசரியைப் பதிவு செய்கிறது.

லாகர் தன் மொழியில் பேசும். ஸ்காடாவுக்கு அந்த மொழி தெரியாது. நடுவில் ஒரு கணினியில் ஓபிசி சர்வர் என்ற மென்பொருளை நிறுவுகிறார்கள். லாகரிடமிருந்து வாங்கி, கேட்கிற எந்தத் தொழிற்சாலை மென்பொருளுக்கும் பொதுவான வடிவில் கொடுப்பது அதன் வேலை. 1996இல் இதன் முதல் தரநிலை வந்தபோது, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி டிரைவர் எழுதிக்கொண்டிருந்த உலகத்துக்கு அது பெரிய விடுதலை. எண் மட்டும் போதாது என்பதை அதை எழுதியவர்கள் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். அதனால்தான் ஓபிசி வழியாக வரும் ஒவ்வோர் அளவும் மூன்று உறுப்புகளோடு வருகிறது: எண், அது எந்த நேரத்துக்கு உரியது, அதை எவ்வளவு நம்பலாம். மூன்றாவதான தரக்குறியில் நல்லது, ஐயத்துக்குரியது, கெட்டது என்று மூன்று நிலைகள் உண்டு. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் கட்டுப்பாட்டு அறைகளில் பல இந்த மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துத் திரையில் வைத்துவிட்டு மற்ற இரண்டையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகின்றன. எண் பெரிதாக, பச்சை நிறத்தில் இருக்கும். நேரமும் தரமும் எங்கே என்று கேட்டால், "அதெல்லாம் ஆபரேட்டரைக் குழப்பும் சார்" என்று பதில் வரும்.

ஆபரேட்டர் குழம்புவதில்லை; ஏமாற்றப்படுகிறார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புது எண் பிறக்கும் லாகரை, விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும்படி ஸ்காடாவில் அமைத்திருப்பார்கள். "ரியல் டைம்" என்று விலைப்பட்டியலில் பெருமையாக எழுதியும் இருப்பார்கள். ஒரே எண்ணை 600 முறை படிக்கிறார்கள், அவ்வளவுதான். சிம் கார்டு ரீசார்ஜ் தீர்ந்தாலோ மேகமூட்டத்தில் பேட்டரி இறங்கினாலோ சர்வர் தன் நினைவில் இருக்கும் கடைசி எண்ணைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருக்கும். காலை 6 மணிக்கு நின்றுபோன லாகரின் விநாடிக்கு 11 மீட்டர் காற்று, மத்தியானம் வரை அதே 11 ஆகத் திரையில் வீசும். வெளியே இலை அசையாது. தரக்குறியைப் பார்க்கலாமே என்றால், அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சர்வருக்கும் ஸ்காடாவுக்கும் நடுவே தொடர்பு நன்றாகவே இருக்கும். பேச்சை நிறுத்தியது லாகர். அமைத்தவர் இந்த இரண்டு தொடர்புகளையும் பிரித்துச் சொல்லும்படி செய்யாவிட்டால் குறி 'நல்லது' என்றே நிற்கும். அப்போது காப்பாற்றக்கூடியது நேரம் ஒன்றுதான். அதைத்தான் கழற்றிவிட்டோமே.

நேரத்தைக் காட்டுகிறவர்களும் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஓபிசியின் நேரம் உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு அது ஐந்தரை மணி பின்தங்கியது. மாற்றாமல் விட்டால் காலை 10 மணிக் காற்று விடியற்காலை 4.30க்கு வீசியதாகப் பதிவாகும். சில சர்வர்கள் லாகர் அளந்த நேரத்தைத் தராமல், தங்கள் கைக்கு வந்த நேரத்தை ஒட்டிவிடும். லாகர்களுக்குள்ளும் ஒற்றுமை கிடையாது: ஒரு நிறுவனத்தின் லாகர் பத்து நிமிடத்தின் தொடக்கத்தைப் பதிவுநேரமாக எழுதும், இன்னொன்று முடிவை எழுதும். இரண்டு வகையையும் ஒரே வளாகத்தில் வைத்து வரைபடம் போட்டால், ஒரே காற்று பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை வீசியது போலத் தெரியும். அதைப் பார்த்து வானிலையை ஆராய்ந்தவர்களும் உண்டு.

இதெல்லாம் காசாகும் இடம் மின் கட்டமைப்பு. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் காற்று, சூரிய மின்சாரத்துக்கு முன்கணிப்பு, அட்டவணை, விலகல் தீர்வு விதிகளைக் கொண்டுவந்தது. ஒரு நாளைப் பதினைந்து நிமிடங்களாக 96 பிரிவாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின்சாரம் தருவோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அளவுமீறி விலகினால் கட்டணம். நம் லாகரோ பத்து நிமிடம். 10.10 முதல் 10.20 வரையிலான சராசரி எந்தப் பிரிவில் சேரும்? பாதி இங்கே, பாதி அங்கே. லாகரின் நிரலைத் திருத்தி ஒரு நிமிடப் பதிவோ ஐந்து நிமிடப் பதிவோ கூடுதலாக எடுத்தால் தீரும் விஷயம் இது, அரைநாள் வேலை. ஆனால் எண் ஏற்கெனவே திரையில் வந்துவிட்டதே, இனி யார் பெட்டியைத் திறப்பார்கள்?

ஓபிசியே வேண்டாம், லாகரிலிருந்து நேராக மோட்பஸ் என்ற நெறிமுறையில் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கருவிக்குக் கொடுத்துவிடலாம் என்று சுருக்குவழி சொல்கிறவர்கள் உண்டு. மோட்பஸ் 1979இல் பிறந்தது. எளிமையானது, உறுதியானது, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதன் பதிவேடு ஒவ்வொன்றும் 16 பிட் கொண்ட வெறும் எண்பெட்டி. நேரத்துக்கும் தரத்துக்கும் அதில் இடமே கிடையாது. வேண்டுமென்றால் தனிப் பதிவேடுகள் ஒதுக்கி நாமே அனுப்ப வேண்டும். உணர்கருவியின் வயர் அறுந்தால் பல லாகர்கள் 'எண் அல்ல' என்ற பொருளில் நேன் என்று நேர்மையாக எழுதும். அதை முழு எண்ணாக மாற்றும் வழியில் எத்தனையோ அமைப்புகளில் அது பூஜ்யமாகிவிடுகிறது. தெரியாது என்று சொன்ன கருவியின் வாயில், காற்றே இல்லை என்ற சாட்சியத்தைத் திணிக்கிறோம்.

எப்படியாவது எண்ணை வரவழைத்துவிட வேண்டும் என்ற அவசரம் இன்னோர் இடத்திலும் கைவரிசை காட்டுகிறது. பழைய ஓபிசி, விண்டோஸின் டிகாம் என்ற ஏற்பாட்டின் மேல் நிற்பது. இரண்டு கணினிகளுக்கு இடையே அதை ஓட வைப்பதற்குப் பயனர் கணக்கு, அனுமதி, போர்ட் என்று பொறுமையாக அமைக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் ஃபயர்வாலையே அணைத்துவிட்டு, யார் வந்தாலும் அனுமதி என்று வைத்துவிட்டுப் போனார்கள். எண் வந்தது, கையெழுத்தும் ஆனது. பிறகு மைக்ரோசாஃப்ட் 2021 ஜூனில் டிகாம் பாதுகாப்பை இறுக்கத் தொடங்கி, 2023 மார்ச்சில் அந்த இறுக்கத்தைத் தளர்த்தும் வழியையும் அடைத்தது. பழைய அமைப்புகள் அப்டேட்டுக்குப் பிறகு ஊமையாவதைத் தடுக்க, அப்டேட்டையே நிறுத்திவைத்தவர்கள் உண்டு. தீநிரல் ஆபத்து தொலைவில் இல்லை: நமக்குத் தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையத்தில், 2019இல் அலுவலக வலையமைப்பின் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. கட்டுப்பாட்டு அமைப்புகள் தனியாக இருந்ததால் பாதிக்கப்படவில்லை என்றது. நம் காற்றாலைக் கணினி அப்படித் தனியாக இருக்கிறதா என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறோமா?

புதிய ஓபிசி யூஏ வந்துவிட்டது, டிகாம் தொல்லை ஒழிந்தது, இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. யூஏ நல்லதுதான். ஒரே போர்ட், சான்றிதழ், மறையாக்கம் எல்லாம் இருக்கிறது. அதிலும் எண்ணோடு நேரமும் நிலையும் வருகின்றன. அதிலும் அவற்றை வாசலில் கழற்றி வைக்கலாம்.

இதுவரை சொன்னதில் நஷ்டம் பணத்தோடு போகும். குற்றாலத்தில் அப்படி இல்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். மழை பெய்வது மேலே மலையில், கூட்டம் குளிப்பது கீழே. கீழே வெயிலாகவும் இருக்கலாம். மலைமேல் உணர்கருவி வைத்துக் கீழே சங்கு ஊத வைக்க வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகு பலமாக எழுந்தது. வைக்கத்தான் வேண்டும். ஆனால் மழைமானியின் இயல்பை யோசித்துப் பாருங்கள். குட்டித் தொட்டி ஒருமுறை கவிழ்ந்தால் 0.2 மில்லிமீட்டர் போல ஓர் அளவு. மழை இல்லாத நேரமெல்லாம் அது காட்டும் சரியான எண் பூஜ்யம். புனலில் இலை அடைத்தால் காட்டுவதும் பூஜ்யம்; லாகர் செத்தபின் சர்வரின் நினைவில் நிற்பதும் பூஜ்யம். காற்று 11லேயே நின்றால் அனுபவசாலி ஒருவர் சந்தேகப்படவாவது வழி உண்டு. பூஜ்யத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதுவும் மழைமானி பழுதாக அதிக வாய்ப்புள்ளது இடியும் புயலுமான நேரத்தில்தான். அப்படிப்பட்ட இடத்தில் 'கடைசி எண்ணையே காட்டு' என்று சர்வரை அமைப்பதை அலட்சியம் என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. அங்கே தரவு நின்றாலே அது எச்சரிக்கையாக வேண்டும், அருவிக்கரைக் காவலருக்கு அழைப்பு போக வேண்டும்.

பீர்மேட்டில் பிறந்த வானிலை அறிவியலாளர் அன்னா மணி, கணினி மேசைக்கு வராத காலத்தில் இந்தியா முழுவதும் காற்றளவுகளைத் திரட்டி 1983இல் நூலாக்கினார். நம் காற்றாலைகளுக்கு அஸ்திவாரம் போட்ட வேலைகளில் ஒன்று அது. அப்போது அளவீட்டுத் தாள்களைக் கையால் சரிபார்த்தார்கள். சந்தேகமான எண் வந்தால் அதை ஒரு மனிதர் கண்ணால் பார்த்தாக வேண்டியிருந்தது. இன்று மனிதக் கண் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். அதன் இடத்தில் வைக்க வேண்டிய சோதனையை மட்டும் மறந்துவிட்டோம்.

குற்றம் முழுவதையும் நிறுவ வருகிறவர் தலையில் போட முடியாது. அவர் செய்வது டெண்டரில் எழுதியிருப்பதை. அங்கே எத்தனை டேக், எத்தனை விநாடிக்கு ஒருமுறை, எத்தனை வண்ண வரைபடம் என்று இருக்கும். தரவு நின்றால் எத்தனை நிமிடத்தில் திரை அதைச் சொல்ல வேண்டும் என்ற வரி இருக்காது. அந்த வரியைச் சேர்க்க ஒரு பைசா செலவில்லை. பத்து நிமிட லாகருக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பழசான எண் சாம்பல் நிறமாக வேண்டும், அதை முன்கணிப்புக் கணக்குக்கு அனுப்பக் கூடாது என்று எழுதினால் போதும்.

ஏற்றுக்கொள்ளும் சோதனையையும் மாற்றுங்கள். எல்லாம் ஓடுகிறது என்று காட்டும் நாளில், யாரிடமும் சொல்லாமல் கம்பத்தடிக்குப் போய் லாகரின் ஆண்டெனாவைக் கழற்றி அரைமணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டு அறையில் எண் அப்படியே பச்சையாக நின்றால் கையெழுத்தில்லை. "சிக்னல் போச்சுன்னா நாங்க என்ன சார் பண்றது?" என்பார்கள். போனதைத் திரையில் காட்டும்படி செய்யச் சொல்லுங்கள். அடுத்து ஆண்டெனாவை மாட்டிவிட்டு அனிமாமீட்டரின் ஒரு வயரை மட்டும் உருவுங்கள். திரையில் 0 வந்தால் அதுவும் தோல்விதான். பில்லைத் திருப்பிக் கொடுத்து, பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.