பழைய மடிக்கணினியும் ஓயாத புதுப்பிப்பும்



திருவையாற்றிலிருந்து கல்லூரி மாணவியான சகோதரி ஒருவர் நமக்கு மடல் எழுதியுள்ளார். அவருடைய அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பில் படித்தபோது அரசு வழங்கிய மடிக்கணினியை இப்போது அவர் பயன்படுத்தி வருகிறார். விண்ணப்பம் ஒன்றை அனுப்ப வேண்டிய கடைசி நாளன்று அதைத் திறந்தாராம். அரை மணி நேரமாகியும் திரையில் ஒன்றும் அசையவில்லை. கைப்பேசியின் இணைய இணைப்பைக் கொடுத்ததும் அன்றைய அளவு முழுவதும் நண்பகலுக்குள் தீர்ந்துவிட்டது. கடைக்காரரிடம் காட்டியபோது, “எல்லாம் இந்த அப்டேட் செய்கிற வேலை. அதை அடியோடு நிறுத்திவிடுகிறேன், இல்லையென்றால் இதைப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்” என்றாராம். வெளிநாட்டில் உழைக்கும் அத்தாவிடம் புதிய கணினி கேட்க அவருக்கு மனம் வரவில்லை. “புதுப்பிப்பை நிறுத்துவது சரியா? பழைய கணினிகளை நாம் தூக்கி எறிய வேண்டுமென்றே நிறுவனங்கள் இப்படிச் செய்கின்றனவா?” என்று வினவுகிறார்.

இவ்வினா அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் வழியே, எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த இலட்சக்கணக்கான கணினிகள் நம் இல்லங்களுக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் பல இன்னும் அலமாரியின் மேல் உறங்குகின்றன. சில இன்றும் தம்பி தங்கையர்க்குப் பயன்பட்டு வருகின்றன. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

முதலில் வேகம் குறைவதன் காரணத்தை அறிந்துகொள்ளுதல் வேண்டும். அக்காலத்து மடிக்கணினிகளில் இருப்பது சுழலும் வன்தட்டு. பொதுவாக அது நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும். அதன் மீது ஊசி போன்ற கரம் அங்குமிங்கும் நகர்ந்துதான் தகவல்களைப் படிக்கவும் எழுதவும் முடியும். புதுப்பிப்பு என்பதோ ஒரே ஒரு கோப்பு வந்து அமர்வதன்று. அது இறங்க வேண்டும், பிரிய வேண்டும், ஏற்கெனவே உள்ள ஆயிரக்கணக்கான கோப்புகளோடு ஒப்பிடப்பட வேண்டும், பழையன நீங்கிப் புதியன அமர வேண்டும். அவ்வாறு அமரும் ஒவ்வொன்றையும் வைரஸ் தடுப்பு மென்பொருள் சோதித்துப் பார்க்கும். நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே இருக்குமாயின், இடம் போதாமையால் அந்த வேலையின் ஒரு பகுதியும் வன்தட்டின் தலையிலேயே விழும். குறுகிய கிளை வாய்க்கால் ஒன்றில் நான்கு மதகுகளை ஒரே நேரத்தில் திறந்தால் எந்த வயலுக்கும் தண்ணீர் ஏறாதல்லவா? அதே நிலைதான் இங்கும்.

இன்னுமொரு காரணமும் உண்டு. அரிதாகத் திறக்கப்படும் கணினியே அதிகம் திணறும். நாள்தோறும் திறக்கப்படும் கணினி தனக்குரிய புதுப்பிப்புகளைச் சிறிது சிறிதாக முடித்துக்கொள்கிறது. மூன்று மாதம் உறையில் கிடந்த கணினியோ, இணையம் கிடைத்த அந்நொடியே மூன்று மாதப் பாக்கியையும் ஒருசேரத் தீர்க்க முற்படுகிறது. நாமோ அவசரம் வந்த நாளில்தான் அதைத் தேடுகிறோம். விண்ணப்பத்தின் கடைசி நாளும் புதுப்பிப்பின் முதல் நாளும் ஒன்றாகிவிடுவது இவ்வாறுதான்.

நிறுவனங்கள் வேண்டுமென்றே செய்கின்றனவா என்ற ஐயம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. 2017ஆம் ஆண்டில் வந்த ஒரு புதுப்பிப்பின் மூலம், மின்கலம் நலிந்த பழைய ஐபோன்களின் வேகத்தை ஆப்பிள் நிறுவனம் குறைத்தது. கைப்பேசி திடீரென அணைந்துபோவதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாக அவ்வாண்டு டிசம்பரில் விளக்கமளித்தது. பயனாளருக்கு முன்கூட்டியே சொல்லாத குற்றத்திற்காக 2020இல் பிரான்சு நாடு அதற்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2018இல் இத்தாலி நாடும் ஆப்பிள், சாம்சங் ஆகிய இரு நிறுவனங்களுக்கும் இத்தகைய புதுப்பிப்புகளுக்காக அபராதம் விதித்துள்ளது. ஆயினும் நம் மடிக்கணினியின் திணறலுக்குச் சூழ்ச்சி எதுவும் தேவையில்லை. இன்றைய மென்பொருள் இன்றைய கணினியை மனத்திற்கொண்டு எழுதப்படுகிறது. அதைப் பழைய வன்தட்டு சுமக்க நேர்கிறது. அவ்வளவே.

அப்படியாயின் கடைக்காரர் சொன்னபடி புதுப்பிப்பை அடியோடு நிறுத்திவிடலாமா? கூடாது. 2017 மே 12 அன்று ‘வான்னாக்ரை’ என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தடைபட்டன. அந்நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் அதை நிறுவாமல் விட்ட கணினிகளே பெரிதும் சிக்கின. குடும்பத்துப் புகைப்படங்களும் சான்றிதழ்களும் வங்கிக் கணக்கும் கையாளப்படும் கணினியில் இத்தகைய காவலைக் கழற்றி வைப்பது அறிவுடைமையாகாது.

அதே வேளையில், வந்த புதுப்பிப்பை அந்நொடியே ஏற்க வேண்டும் என்பதுமில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றினால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுக்க நேர்ந்தது. ஆகவே சில நாள் பொறுத்து ஏற்பதில் தவறில்லை. நிறுத்துவது வேறு, நேரம் குறிப்பது வேறு. டெல்டாவில் தண்ணீர் குறைந்த காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சுகிறோமே, அதுபோன்று புதுப்பிப்புக்கும் முறை வைப்பதே நாம் செய்ய வேண்டியது. விண்டோஸ் 10 உள்ள கணினிக்கான வழிகளை இனி வரிசையாகக் காண்போம்.

முதலாவதாக, குற்றவாளி யாரென்று உறுதி செய்துகொள்ளுங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். அதில் ‘டிஸ்க்’ என்ற பத்தி 100 விழுக்காட்டைத் தொட்டு நிற்கிறதா என்று பாருங்கள். அப்பத்தியின் தலைப்பை அழுத்தினால் அதிகம் பயன்படுத்துவோர் மேலே வருவர். ‘விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் ஒர்க்கர்’ என்ற பெயர் மேலே நின்றால் புதுப்பிப்பு நடக்கிறது என்று பொருள். ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ்’ என்றிருந்தால் வைரஸ் சோதனை நடக்கிறது. வேறு பெயர்கள் நின்றால் பழியைப் புதுப்பிப்பின் மீது போடாதீர்கள்.

இரண்டாவதாக, நிலுவையிலுள்ள புதுப்பிப்பை முடிய விடுங்கள். இஷாவுக்குப் பின் மின்னிணைப்பிலும் இணையத்திலும் இணைத்து, தூக்க நிலைக்குச் செல்லாதவாறு அமைத்து வையுங்கள். சுபுஹு நேரத்தில் எழும்போது பெரும்பகுதி முடிந்திருக்கும். இரண்டு இரவு தேவைப்பட்டாலும் பொறுத்திருங்கள். நடுவில் பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டால் கோப்புகள் பாதியில் நின்று, கணினி எழாமலே போகக்கூடும். பழைய மடிக்கணினியின் மின்கலம் பெரும்பாலும் செயலற்றிருக்கும். ஆதலால் மழையும் காற்றும் மின்தடையும் உள்ள நாளில் இவ்வேலையைத் தொடங்க வேண்டாம். முடிந்தபின் ‘ஷட் டவுன்’ செய்வதைவிட ‘ரீஸ்டார்ட்’ செய்வதே சிறந்தது. விண்டோஸ் 10இல் வழக்கமான முறையில் அணைத்துத் திறப்பது முழுமையான மறுதொடக்கம் ஆவதில்லை.

மூன்றாவதாக, இடத்தைச் சீர்செய்யுங்கள். ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் திறப்பதற்கு முன்பே வாய்க்காலைத் தூர் வார வேண்டும் என்பது நம் ஊரார்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சி டிரைவில் 20 ஜி.பி. அளவேனும் காலியிடம் இருப்பது நலம். ‘டிஸ்க் கிளீன்அப்’ பகுதியில் ‘கிளீன்அப் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்பதைத் தேர்ந்தால், பழைய புதுப்பிப்புகளின் மிச்சங்களை அகற்றலாம். அங்கே ‘டவுன்லோட்ஸ்’ என்ற பெயர் இருக்குமாயின் அதற்கு எதிரேயுள்ள குறியை நீக்கிவிடுங்கள். திருமணப் புகைப்படமும் மதிப்பெண் சான்றிதழும் அந்த அறையில்தான் கிடக்கக்கூடும்.

நான்காவதாக, நேரத்தையும் அளவையும் வரையறுங்கள். ‘செட்டிங்ஸ்’ பகுதியின் ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தில் ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ என்றொரு வசதி உண்டு. நீங்கள் வேலை செய்யும் நேரத்தை அதில் குறித்தால் அந்நேரத்தில் கணினி தானாக மறுதொடக்கம் செய்யாது. அப்பக்கத்திலேயே புதுப்பிப்பை ஏழு நாள் ஒத்திவைக்கவும், அவ்வாறே நீட்டி 35 நாள் வரை தள்ளவும் இயலும். தேர்வு வாரத்திற்கு இது போதுமானது. கைப்பேசி இணையத்தைப் பயன்படுத்துவோர், வைஃபை இணைப்பின் பண்புகளில் ‘மீட்டர்டு கனெக்ஷன்’ என்பதைத் தவறாமல் இயக்குங்கள். பெரும்பாலான புதுப்பிப்புகள் அப்போது தாமாக இறங்கமாட்டா. ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ என்ற பகுதியில் மற்றக் கணினிகளோடு பகிரும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

ஐந்தாவதாக, வேண்டாத சுமையை இறக்குங்கள். ‘டாஸ்க் மேனேஜரின்’ ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில், கணினி திறந்தவுடன் தாமாக எழும் மென்பொருள்களில் தேவையற்றவற்றை நிறுத்தலாம். வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்றே போதும். இரண்டு இருப்பின் ஒவ்வொரு கோப்பும் இருமுறை சோதிக்கப்படும்.

இவையனைத்தும் செய்தும் தீரவில்லையெனில், கையிலுள்ள பணத்தை எங்கே செலவிடுவது? சுழலும் வன்தட்டை நீக்கிவிட்டு எஸ்.எஸ்.டி. என்னும் சுழலாத தட்டைப் பொருத்துங்கள். அதில் நகரும் கரம் இல்லையாதலால் திணறல் பெருமளவு தீரும். நினைவகம் 2 ஜி.பி. எனில் அதை 4 ஜி.பி. ஆக உயர்த்த முடியுமா என்றும் கேளுங்கள். புதிய கணினியின் விலையை விசாரித்து இதனோடு ஒப்பிட்ட பின் முடிவெடுங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். கடைக்குக் கொடுக்கும் முன் புகைப்படங்களையும் சான்றிதழ்களையும் வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய தட்டைக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். வீட்டுப் பெண்களின் படங்கள் உள்ள தட்டு அயலார் மேசையில் கிடக்க விடலாகாது.

இனி வருவதே முக்கியமான செய்தி. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14ஆம் நாளோடு முடிந்தன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றது. தனியே பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனாளர்க்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தம் வழங்குவதாக 2025இல் மைக்ரோசாப்ட் அறிவித்தது. பதிவு செய்யாத கணினியிலும் பிரௌசர், வைரஸ் பட்டியல் ஆகியவற்றின் புதுப்பிப்புகள் தொடர்ந்து வருவதால், “ஆதரவு நின்றுவிட்டதே, இன்னும் ஏன் இறங்குகிறது?” என்று குழம்ப வேண்டாம். விண்டோஸ் 11க்கு 4 ஜி.பி. நினைவகத்தோடு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். அரசு அன்று வழங்கிய கணினிகள் பலவற்றில் அது இராது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று எவரேனும் சொன்னால் ஒப்பாதீர்கள். அத்தகைய கணினிக்குத் தொடர்ந்து புதுப்பிப்பு வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

எனில் வழி யாது? வழி அந்தக் கணினிக்குள்ளேயே வந்திருந்தது. அரசு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இடம்பெற்றிருந்தது. சி-டாக் நிறுவனம் நம் நாட்டிலேயே உருவாக்கியது அது. தமிழிலும் இயங்கக்கூடியது. பலர் அதைத் திறந்தும் பாராமல் கடையில் அழிக்கச் சொல்லிவிட்டனர். பழைய கணினிக்கு ஏற்ற இலகுவான லினக்ஸ் வகைகள் இன்றும் விலையின்றிக் கிடைக்கின்றன. ‘லினக்ஸ் மின்ட்’டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு அவற்றுள் ஒன்று. பென் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே சோதித்துப் பார்க்கலாம். புதுப்பிப்பு வந்தால் அது அறிவிக்கும். நாம் கடவுச்சொல் கொடுத்து ஒப்பிய பின்னரே நிறுவும். பாடம் படிக்கவும், கட்டுரை எழுதவும், விண்ணப்பம் அனுப்பவும், வெளிநாட்டில் உள்ள அத்தாவோடு முகம் பார்த்துப் பேசவும் இது போதும். விண்டோஸில்தான் இயங்கும் குறிப்பிட்ட மென்பொருள் ஏதேனும் கல்லூரியில் தேவைப்படுமா என்பதை மட்டும் முன்னரே கேட்டறிந்துகொள்ளுங்கள். திருத்தம் நின்றுபோன விண்டோஸிலேயே தொடர வேண்டிய நிலையிருப்பின், வங்கிப் பணிகளை அதில் செய்யாதிருங்கள்.

ஆகவே திருவையாற்றுச் சகோதரிக்கு நாம் சொல்வது இதுதான். அத்தாவுக்குச் சுமை வைக்க வேண்டிய நிலை இன்னும் வந்துவிடவில்லை. கணினியைத் தூக்கி எறியவும் வேண்டாம், காவலைக் கழற்றவும் வேண்டாம். வாரம் ஒருமுறையேனும் திறந்து, அதன் பாக்கியை அவ்வப்போது தீர்த்துவிடுங்கள். விண்ணப்பத்திற்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்றால் புதன்கிழமை இரவே கணினியைத் திறந்து வையுங்கள்.

சுழலும் தட்டிலிருந்து எஸ்.எஸ்.டி.க்குப் புகைப்படங்களைப் பத்திரமாக மாற்றும் முறையை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் காண்போம்.