நிறுவையில் பட்டதை வீட்டில் தீர்க்கிறோம்



தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருஷம் பேர் போட்டவன் நான். ஒருநாள் அந்தி நிறுவையில், ஈரத்துக்கென்று மூன்று கிலோவும் சாக்குக்கென்று இரண்டு கிலோவும் என் கொழுந்தில் கழித்தார்கள். கணக்கு அரைப்பேர் ஆனது. அன்று மழையே இல்லை. ஏன் என்று கேட்டேன். "நாளைக்கு வேலைக்கு வரணுமா, வேணாமா?" என்று பதில் வந்தது. வாயை மூடிக்கொண்டு இறங்கினேன். லயத்துக்கு வந்ததும் மகன் கொப்பி வாங்கக் காசு கேட்டான். அடித்தேன். தடுக்க வந்த மனைவியையும் தள்ளிவிட்டேன்.

திருக்குறளில் வெகுளாமை என்றோர் அதிகாரம் இருக்கிறது. அதன் முதல் குறளைத் தோட்டப் பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தேன். தன் கோபம் எங்கே பலிக்குமோ அங்கே அடக்குகிறவன்தான் கோபத்தை அடக்குகிறவன், பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்கிறார் வள்ளுவர். அது என்னைப் பற்றித்தான் சொல்கிறது என்று வெகுகாலம் கழித்தே விளங்கியது. நிறுவையில் நான் அடங்கி நின்றது பொறுமையால் அல்ல, பயத்தால். பிள்ளையிடம் என் கோபம் பலிக்கும். அங்கே நான் அடக்கவில்லை. "கோபம் கண்ணை மறைத்துவிட்டது" என்பார்கள். துரைக்கு முன்னால் மட்டும் அது மறைப்பதில்லையே!

பெண்கள் நிலை இன்னும் மோசம். அதே மலையேறி, அதே கழிவுக்கு ஏச்சு வாங்கி, வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டி, தவறணையிலிருந்து வருகிறவனின் கோபத்தையும் அவர்கள்தான் வாங்குகிறார்கள்.

கோபப்படாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் புத்தியை நமக்குச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்கும் அரைப்பேர் விழுவதில்லை. 1948இல் நம் பாட்டன்மாரின் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 2024 மே தின மேடையில் 1,700 ரூபா என்றார்கள். செப்டம்பரில் கைக்கு வந்தது 1,350. இதற்குக் கோபம் வராதவன் மரக்கட்டை. ஆனால் அந்தக் கோபம் போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் நெஞ்சிலேயே கிடந்து புளித்தால் அது வேறொன்றாகிவிடுகிறது. வீட்டில் அடியாகிறது, அடுத்த காம்பிராக்காரனோடு பகையாகிறது. துரைக்கு அதனால் ஒரு சதம் நட்டமில்லை.

நமக்குப் பக்கத்து ஹேவாஹெட்டையில்தான் முல்லோயாத் தோட்டம். அங்கே 16 சதம் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் இறந்தார். அந்த லயங்களில் எத்தனை கோபம் கொதித்திருக்கும்! ஆனால் அந்தச் சாவு லயத்து ஒப்பாரியோடு முடிந்துவிடவில்லை. விசாரணைக் கமிஷன் அமைக்கவேண்டி வந்தது. அந்த விவகாரத்தில் அமைச்சர்களே இராஜினாமாச் செய்யும் அளவுக்கு அரசாங்கம் ஆட்டம் கண்டது. பதினாறு சதம் கேட்டவர்களின் கோபம் அவ்வளவு தூரம் போனது.

எங்கள் தோட்டத்தில் நடந்தது அதற்கு முன் சின்னதுதான். கழிவு பற்றி எல்லோரும் பீலிக்கரையில் திட்டிக்கொண்டிருந்தபோது, மாதர் சங்கத் தலைவி ஒரு கொப்பி வாங்கினார். யாருக்கு, எந்த நாள், எத்தனை கிலோ, அன்று மழையா வெயிலா என்று ஒரு மாதம் எழுதினார்கள். திட்டிக்கொண்டிருந்த நானும் போய் என் கணக்கைச் சொன்னேன். அன்று இரவுதான் பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். கொப்பியோடு பேச்சுவார்த்தைக்குப் போனோம். சாக்குக் கழிவு ஒரு கிலோவானது. வெயில் நாளில் ஈரக்கழிவு நின்றது. கேட்டது முழுதும் கிடைக்கவில்லை.

எழுதியும் பேசியும் ஆறாத மனமும் உண்டு. தூக்கம் கெட்டு, குடி மிஞ்சி, உயிரையே வெறுக்கும் நிலைக்கு வந்தவர்களைப் "பைத்தியம்" என்று ஒதுக்காதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம். வீட்டில் அடிபடும் பெண்களுக்கு 1938 இருக்கிறது. இந்த இரண்டு இலக்கங்களையும் ஒவ்வொரு பெரட்டுக்களத்திலும் நமது சங்கம் எழுதி ஒட்டவேண்டும் என்பது என் கோரிக்கை.

சங்கம் மாறினார் என்பதற்காகப் பக்கத்துக் காம்பிராக்காரரோடு ஆறு வருஷம் நான் பேசவில்லை. அவர் தாயாரின் சாவு வீட்டுக்கும் போகவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது. போன தீபாவளிக்கு நானே போய்க் கதவைத் தட்டினேன். இப்போது அந்தியில் பிளேன்டி குடிக்க வருகிறார். சங்கக் கதை மட்டும் இருவரும் எடுப்பதில்லை. மகன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறான். லீவில் வந்திருக்கும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறான்.