முதலில் ஸர்வே, பிறகு சவாரி

நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலர், பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை புனே நகரின் புறத்தே ஒரு பெரிய வட்டமாகச் சைக்கிளில் சுற்றி வரத் தீர்மானித்திருக்கிறார்கள். தார் ரோட்டில் அல்ல. கூடியமட்டும் மண் பாதையிலும் கப்பிப் பாதையிலும். இதற்கென்றே ‘கிராவல் பைக்’ என்று ஒரு சைக்கிள் வந்திருக்கிறது. கைப்பிடி பந்தய சைக்கிளைப் போல் வளைந்திருக்கும். டயர் மட்டும் 40 மில்லிமீட்டர் அளவில் அகலமாக இருக்கும். காற்றும் குறைவாகவே அடிப்பார்கள். செய்தி தெரிந்ததும் பெற்றோரில் ஒரு சாரார் “வேண்டவே வேண்டாம்” என்றார்கள். இன்னொரு சாரார் “போவதானால் நெடுஞ்சாலையோடு போய் வாருங்கள், நாலு பேர் நடமாட்டம் இருக்கும்” என்றார்கள். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் செல்போனில் போட்டு வைத்திருக்கும் திட்டத்திலும் உடன்பாடில்லை. ஏன் என்று எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டுக் கொண்டதால் இந்தக் கட்டுரை.

நெடுஞ்சாலை யோசனையை முதலில் முடித்து விடுகிறேன். 2022 நவம்பரில் நவலே பாலத்தருகே ஒரு லாரி இறக்கத்தில் கட்டுக்கு அடங்காமல் வந்து பல வண்டிகளை மோதியது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அந்த மாதிரி ரோட்டில் என் பேரனை சைக்கிளில் அனுப்ப மாட்டேன். மண் பாதையில் விழுந்தால் முழங்கை சிராய்க்கும், மிஞ்சினால் கை முறியும். பின்னாலிருந்து 30 டன் எதுவும் வந்து ஏறாது.

அதற்காக மண் பாதையில் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று அர்த்தமில்லை. நான் ரயில்வேயில் சிவில் பிரிவில் வேலை பார்த்தவன். புது லைன் போடுவதென்றால் எடுத்த எடுப்பில் யாரும் தண்டவாளத்தை இறக்குவதில்லை. முதலில் ரெக்கனைஸன்ஸ் ஸர்வே, பிறகு பிரிலிமினரி, அதற்கும் பிறகு ஃபைனல் லொகேஷன் ஸர்வே. ஆள் நடந்து பார்க்காத இடத்தில் கோடு போடக் கூடாது என்பது எங்கள் பாலபாடம். பிள்ளைகளிடம் “இந்தப் பாதையில் யாராவது போய்ப் பார்த்தீர்களா?” என்று கேட்டேன். “மேப்பில் இருக்கிறது மாமா” என்றார்கள்.

மேப்பில் இருப்பதெல்லாம் பாதை அல்ல. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மராத்தியில் ‘பாணந்த்’ என்பார்கள். மாட்டு வண்டியும் டிராக்டரும் வயலுக்குப் போக விட்ட வழி. அதில் போக யாரையும் கேட்க வேண்டியதில்லை. மற்றது ‘பாந்த்’; நம் ஊரில் வரப்பு என்கிறோமே, அது. என்றோ எவனோ ஒருவன் வரப்பின் மேல் சைக்கிளை ஓட்டிப் போயிருப்பான். அவன் போன தடம் செல்போனில் கோடாகப் பதிந்து, அடுத்தவனுக்கு அதுவே பாதையாகத் தெரிகிறது. ஜனவரியில் சோளம் நிற்கிற வயலின் வரப்பில் இருபது சைக்கிள் ஏறிப் போனால் என்ன ஆகும் என்று விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அடுத்த வாரம் அந்த இடத்தில் கருவேல முள் வெட்டிப் போட்டிருப்பார்கள். நம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, அவர்களுக்குப் பின்னால் வருகிற எல்லோருக்கும் வழி அடைபடும்.

பிள்ளைகளின் திட்டம் இதுதான். ஹடப்ஸரில் புறப்பட்டு, கடக்வாஸ்லா அணையிலிருந்து வரும் முத்தா வலது கால்வாயின் கரையோடு லோணி வழியாக உருளி காஞ்சன். (உருளி தேவாச்சி என்று வேறோர் ஊர் நகரத்தை ஒட்டி இருக்கிறது. வழி கேட்கும்போது முழுப் பெயரையும் சொல்லிக் கேட்க வேண்டும்.) அங்கிருந்து ஷிந்தவணே காட் ஏறி மேட்டு நிலத்துக்கு வந்து, மண் பாதைகளில் சாஸ்வட். பிறகு போப்தேவ் காட் இறங்கி கோந்த்வா வழியாக வீடு. மொத்தம் ஏறக்குறைய 85 கிலோமீட்டர், அதில் 40 மண் பாதை. வட்டம் நல்ல வட்டம்தான். தேர்ந்தெடுத்தவனுக்குக் கண் இருக்கிறது. ஆனால் சுற்றுகிற திசை தலைகீழ் என்பது என் அபிப்பிராயம்.

கால்வாய் என்பது மட்டம் பார்த்து வெட்டியது. அதன் கரை ஸ்டேஷன் யார்டு மாதிரி சமமாக இருக்கும். புத்துணர்ச்சியாக இருக்கும் காலை நேரத்தை அந்தச் சமதளத்தில் செலவழித்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு ஷிந்தவணே ஏறுவானேன்? மும்பை லைனில் போர் காட் ஏற்றம் 37-க்கு 1. அதாவது 100 மீட்டர் தூரத்துக்கு 2.7 மீட்டர். அதற்கே கர்ஜத்தில் பின்னால் பாங்கர் இன்ஜின் கோத்துத் தள்ளுகிறார்கள். போப்தேவ் ஏற்றம் அதைப் போல் இரு மடங்குக்கும் மேல். அதைக் காலையிலேயே கால் வலுவோடு ஏறி விட வேண்டும். ஏறும்போது வேகம் குறைவு, லாரிக்கு ஒதுங்கி நிற்கலாம். களைத்துப் போன கையால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மாலையில் அதே வளைவுகளில் இறங்குவது வேறு விஷயம்.

இன்னொரு காரணமும் உண்டு, இது ரயில்காரன் புத்தி. திசையை மாற்றினால் பிற்பகுதி முழுதும் புனே – தௌண்ட் ரயில் பாதையை ஒட்டியே வரும். உருளி, லோணி என்று ஸ்டேஷன்கள் இருக்கின்றன. முடியாதவனை லோக்கல் வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பலாம். அவன் சைக்கிள் பின்னால் டெம்போவில் வந்து சேரும். மேட்டு நிலத்தில் முடியாமல் போனால் சாஸ்வடில் பஸ் உண்டு. எந்த இடத்திலிருந்து எப்படித் திரும்பலாம் என்று காகிதத்தில் எழுதாத திட்டத்தை நான் திட்டமாகவே ஒப்புக் கொள்வதில்லை.

நேரக் கணக்கு எளிது. மண் பாதையில் மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் எண்ணக் கூடாது. 40 கிலோமீட்டருக்கு 3 மணி 20 நிமிடம். தார் ரோட்டில் ஏற்ற இறக்கம் சேர்த்து 18 என்று வைத்தால் 45 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி. சாப்பாடு, பஞ்சர், இளைப்பாறல் இரண்டு மணி. கூட்டினால் எட்டு மணிக்குக் கொஞ்சம் குறைவு. காலை ஆறரைக்குக் கிளம்பினால் பிற்பகல் இரண்டரை. இருட்ட இன்னும் மூன்றரை மணி நேரம் கையில் இருக்கும். பிள்ளைகள் மணிக்கு 20 என்று போட்டு, ஒன்பது மணிக்குச் சாவகாசமாகப் புறப்படுவதாக இருந்தார்கள்!

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலைச் சரிவில் இருப்பது முரம்பு. நன்றாக இறுகி, சைக்கிளுக்கு அருமையாக இருக்கும். கற்ஹா ஆற்றுப் பள்ளத்தில் ஆங்காங்கே கரிசல். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குக் கரிசலின் குணம் தெரியும். காய்ந்தால் பாளம், நனைந்தால் பசை. ஜனவரியில் மழை ஏது என்று நினைக்கலாம். ஆனால் அப்போதுதான் ரபி பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சுவார்கள்; வாய்க்கால் வழிந்து பாணந்தில் நிற்கும். சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் அந்த மண் அப்பிக் கொண்டால் சைக்கிள் நம்மேல் சவாரி செய்யும். ஸர்வே போகிறவர் அந்தத் துண்டுகளைக் குறித்து, மாற்று வழியும் குறிக்க வேண்டும். செங்குத்தான முரம்பில் எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் வழுக்கும். உட்கார்ந்தே மிதிக்கப் பழக வேண்டும். ஆளுக்கு இரண்டு டியூப், ஒரு பம்பு. தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் கணக்கு. இரண்டு லிட்டர் சுமந்து, சாஸ்வடிலும் உருளியிலும் நிரப்பிக் கொள்ளலாம். கிராவல் பைக் இல்லாதவர் அதற்காக அப்பாவின் பணத்தைக் கரைக்க வேண்டாம். அகல டயர் போட்ட சாதாரண கியர் சைக்கிளே போதும்.

தண்டவாள விஷயத்தில் நான் விட்டுக் கொடுப்பதாக இல்லை. அகலப் பாதையில் ஆளில்லாத கேட்டுகள் 2019 ஜனவரியோடு எல்லாம் நீக்கப்பட்டு விட்டன. பழைய மேப்பில் கேட் இருக்கும். போய்ப் பார்த்தால் வேலியும் ஒரு சுரங்கப் பாதையும் இருக்கும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு லைனைத் தாண்டுவது 1989-ஆம் வருட ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவின்படி குற்றம். மின்சார இன்ஜின் வரும் சத்தம் கேட்கவும் கேட்காது. நாலு கிலோமீட்டர் சுற்றினாலும் சுரங்கப் பாதை வழியாகவே போக வேண்டும். கால்வாய்க் கரையும் அப்படித்தான். அது நீர்ப்பாசனத் துறையின் ஆய்வுப் பாதை. 2018 செப்டம்பரில் இதே கால்வாய் தண்டேகர் பாலத்தருகே உடைந்து வீடுகளில் தண்ணீர் புகுந்தது. கரையைக் கண்காணிக்கிறவர்கள் அன்னியர் நடமாட்டத்தைச் சந்தேகமாகப் பார்ப்பது நியாயமே. முன்கூட்டி ஒரு கடிதம் கொடுத்து அனுமதி கேட்போம். கிடைக்காத துண்டுக்கு வேறு பாதை பார்ப்போம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ட்ரோன். மேலிருந்து படம் எடுத்து ஆண்டு விழாவில் காட்டப் போவதாகப் பிள்ளைகள் ஆசையாகச் சொன்னார்கள். சாஸ்வடுக்குக் கிழக்கே உள்ள ஏழு கிராமங்களில்தான் புரந்தர் விமான நிலையத்துக்கு நிலம் எடுக்கத் திட்டம். 2025 மே மாதம் ட்ரோனுடன் அளக்க வந்தபோது கிராமத்தார் மறித்து, போலீஸ் தடியடி வரை போயிற்று. நம் பாதை அந்த ஊர்களின் ஓரமாகத்தான் போகிறது. அத்திப்பழத்துக்கும் சீத்தாப்பழத்துக்கும் பெயர் போன நிலம். அதை இழந்து விடுவோமோ என்று பயந்திருப்பவர்களின் தலைக்கு மேல், முன்பின் தெரியாத இருபது பேர் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து ட்ரோனைப் பறக்க விட்டால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? அங்கே போகாமலே இருந்து விடலாம் என்று சில பெற்றோர் சொன்னார்கள். எனக்கு அது சம்மதமில்லை. முப்பது வருஷம் இந்த ஊரில் இருந்தும் ஆபீஸ், காலனி, கோவில், ஊருக்குப் போக ரயில் என்று நாலு இடம்தான் நம்மில் பலருக்குத் தெரியும். நாம் சாப்பிடும் வெங்காயமும் பட்டாணியும் விளைகிற ஊர்களைப் பிள்ளைகளாவது பார்த்து வரட்டும். ட்ரோன் மட்டும் வீட்டில் இருக்கட்டும். ஊருக்குள் நுழையும்போது இறங்கி, டீக்கடையில் பெரியவராக ஒருவரைப் பார்த்து, “தாதா, ஹா ரஸ்தா குடே ஜாதோ?” என்று மராத்தியில் கேட்கட்டும். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், நம்மைவிட நன்றாகவே பேசுவார்கள்.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு ஸர்வே. மேட்டு நிலப் பகுதியை மூன்று துண்டாகப் பிரித்திருக்கிறேன். துண்டுக்கு இரண்டு இளைஞர், ஒரு பெரியவர். பெரியவர்கள் ஸ்கூட்டரில் வரலாம். வேண்டாம் என்று சொன்ன பெற்றோரில் மூன்று பேர் வருவதாக ஒப்புக் கொண்டிருக்கிறார்கள். நோட்டுப் புத்தகமும் பென்சிலும் நான் கொண்டு வருகிறேன். சாப்பாடு அவரவர் வீட்டிலிருந்து.