ஊரா, காலனியா?

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை நேர்காணல். சான்றிதழைப் புரட்டியவர் கேட்டார்: "உத்திரமேரூர் பக்கமா? ஊரா, காலனியா? அப்பா என்ன பண்றார்?" வேலை பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

எங்கள் குடவோலைக் கல்வெட்டை ஜனநாயகம் என்று கொண்டாடுகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்துப் (கி.பி. 919, 921) பிராமணச் சபை அது. உறுப்பினராக நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி வேண்டும். அவர்களாவது தகுதியைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். இன்றைய நிறுவனங்களோ 'குடும்பப் பின்னணி' என்று வாய்வார்த்தையாகக் கேட்கின்றன.

சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயர் மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் பெயருக்கு அழைப்பு குறைந்ததை 2007இல் வெளியிட்டார்கள். தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்டால் மட்டும் 'தகுதி போச்சு' என்று பதறுகிறார்கள். எந்தத் தகுதி?

"காலனிதான் சார். அப்பா கூலி வேலை" என்றேன். "சொல்லி அனுப்புறோம்" என்றார். எட்டு வருடமாகிறது.