ஒற்றையாய்ப் பிறந்த கெஸ்ட்ரல்

வென்றவற்றைப் போற்றுவதும் தோற்றவற்றை மறப்பதும் உலக இயல்பு. நம் பள்ளி அறிவியல் கண்காட்சி முடிந்த மறுநாளே பரிசு பெற்ற மாதிரிகள் கண்ணாடி அலமாரியில் ஏறுகின்றன. மற்றவை குப்பைக் கூடையைச் சேர்கின்றன. இது முறைதானா? இங்கிலாந்தில் பிறந்த ஓர் இரயில் எஞ்சினின் கதையைக் கேட்டபின் முடிவு கூறுவோம்.

1967ஆம் ஆண்டு லஃப்பரோ நகரின் பிரஷ் தொழிற்சாலையில், சோதனைக்கென்றே ஒரு டீசல் இரயில் எஞ்சின் உருவாயிற்று. மஞ்சளும் பழுப்புமாய் வண்ணம் பூசி, கெஸ்ட்ரல் என்னும் வல்லூறின் பெயரை அதற்குச் சூட்டினர். அதன் வலிமை 4000 குதிரைத்திறன்! அதற்குமுன் பிரிட்டனில் எந்த டீசல் இரயில் எஞ்சினும் பெற்றிராத வலிமை அது. மணிக்கு 125 மைல் வேகத்தை நோக்கி அதை வடிவமைத்தனர். 2000 டன்னுக்கு மேற்பட்ட வண்டியையும் அது இழுத்துக் காட்டியது.

ஆயினும் குறை ஒன்று இருந்தது. அதன் எடை 133 டன், ஆறு அச்சுகள். ஆகவே, ஒவ்வோர் அச்சும் 22 டன்னுக்கு மேல் தண்டவாளத்தை அழுத்தியது. விரைவு வண்டிகளுக்கு 20 டன்னே எல்லை என்றனர் பாதைப் பொறியாளர்கள். 1969இல் சக்கரச் சட்டங்களை மாற்றி எடையை 126 டன்னாகக் குறைத்தும் அந்த எல்லைக்குள் அது அடங்கவில்லை. அதற்கு உடன்பிறப்பு ஒன்றும் பிறக்கவில்லை. 1971இல் சோவியத் நாட்டுக்கு விற்கப்பட்டு, கார்டிஃப் துறைமுகத்திலிருந்து கப்பலேறியது. அங்கே ஆராய்ச்சிப் பொருளாக இருந்து, 1993இல் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது.

டெல்டிக் என்ற மற்றொரு சோதனை எஞ்சினின் விதியோ வேறு. 1955இல் பிறந்த அதனைப் பின்பற்றி 22 எஞ்சின்கள் உருவாயின. 1963இல் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அதை ஏற்றுக்கொண்டது. வென்றதற்கு அருங்காட்சியகம், வெல்லாததற்குச் சம்மட்டி!

ஆனால், கெஸ்ட்ரல் தடுமாறிய கேள்விக்கு விடை பின்னர் வந்தது. 1976இல் ஓடத் தொடங்கிய அதிவேக வண்டியில், முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு இலகுவான எஞ்சின்களைப் பூட்டினர். ஒவ்வொன்றும் 2250 குதிரைத்திறன். அச்சுச் சுமையோ பதினேழரை டன்தான். 125 மைல் வேகம் கைகூடியது. இந்த விடையை மட்டும் காண்பவர், கேள்வி எவ்வளவு கடினமானது என்பதை எப்படி உணர்வர்? அதை உணர்த்தக்கூடிய கெஸ்ட்ரல் இன்று இல்லை. அதைக் காத்து வைத்திருக்கவேண்டும் என்பதே நம் கருத்து.

எல்லாவற்றையும் வைக்க இடம் ஏது என்று கேட்கலாம். உண்மைதான். எல்லாவற்றையும் வைக்கவேண்டியதில்லை. நேர்மையாக முயன்று, எங்கே தடைப்பட்டது என்று தெளிவாகக் காட்டும் ஒன்றிரண்டை வைத்தால் போதும்.

அடுத்த கண்காட்சிக்குப்பின் நம் அலமாரியில் ஒரு தட்டை அவற்றுக்கென ஒதுக்குவோமா? "இவள் அறிய விரும்பியது இது, தடைப்பட்டது இங்கே" என்று ஒரு சீட்டும் எழுதி வைப்போம். பெற்றோரே, சிவப்பு மை படிந்த விடைத்தாளை மகள் நீட்டும்போது, மதிப்பெண்ணைக் கேட்குமுன் அந்தத் தடையைக் கேளுங்கள். அவள் விட்ட இடத்திலிருந்து தங்கை ஒருத்தி தொடங்கக்கூடும் அன்றோ?