ஆலயத்தில் கைப்பேசி எதற்கு?



திருமலையில் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டுத்தான் பக்தர்கள் தரிசனத்துக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டுக் கோயில்களிலும் கைப்பேசிக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. சித்தூர், திருப்பதி கிறிஸ்தவர்களான நாம் மட்டும் ஏன் தயங்குகிறோம்? திருப்பலியில் கைப்பேசியைத் தூக்கிப் படமெடுப்பது வருத்தம் தருகிறது என்று 2017 நவம்பரில் போப் பிரான்சிஸ் சொன்னார்; குருக்களையும் ஆயர்களையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

ஆராதனையின் நேரலை வேண்டாம் என்பதல்ல என் வாதம். படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கு அதுதான் ஆலயம். நேரில் வருகிறவர்கள் கைப்பேசியை வீட்டில் விட்டு வரட்டும். ஆராதனை முடிந்ததும் பக்கத்திலிருப்பவரிடம் நின்று பேசட்டும். கணவரை இழந்த அம்மாவும் வேலை கிடைக்காத பையனும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பங்குப் பேரவைகளும் சபைக் கமிட்டிகளும் கிறிஸ்துமஸுக்கு முன்பே இதை முடிவு செய்ய வேண்டும்.

— ஒரு வாசகர், சித்தூர்